எட்டுமூலைப் பட்டமும் கௌரியின் குடையும்

1992 மார்கழி 7, திங்கள்

காலையில் இருந்து மழை. கூரையில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. ஒன்றுக்குச் சட்டி, மற்றதுக்கு வாளி.

இது இவர் கந்தோர் வேலைக்கு வைத்திருந்த பழைய டயறி. பாதிக்கு மேல் வெறும் பக்கம். கொழும்பில் இருக்கிற மனுசன் வந்து கேட்கப் போவதில்லை. பாதை பூட்டி, கடிதம் வந்தே மூன்று மாதம். அச்சடித்த திகதியை வெட்டிவிட்டு எழுதுகிறேன். மண்ணெண்ணெய் இல்லை, பொழுதுபட முன் முடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமையோடு பள்ளிக்கூடம் மூடியாயிற்று. சின்னவள் வாணி, ஒன்றாம் வகுப்பு, றிப்போட்டைக் கொண்டுவந்து என் தையல் மெசினில் போட்டாள். "அம்மா, நான் பாஸ். இனி ஒரு மாசம் விளையாட்டு." மூத்தவள் கௌரிக்கு றிப்போட் இல்லை. ஐப்பசியில் இருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

இன்றைக்கு அதிபர் நேரே வந்தார். நனைந்தபடி வாசலில் நின்றார், கதிரையில் இருக்கவில்லை.

"கெட்டிக்காரப் பிள்ளை. வாற வருசம் ஸ்கொலர்ஷிப் சோதினை. தை பதினொண்டு துவங்கிறம். அண்டைக்கு வராட்டி இடாப்பிலை பேரை வெட்டத்தான் வேணும். எனக்கும் மேலை ஆக்கள் இருக்கினம், பிள்ளை."

நல்ல மனிதர். கோபம் வரவில்லை. வந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐப்பசியில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது விமானம் வந்து பக்கத்து ஊரில் குண்டு போட்டது. கௌரி அப்போது வயல் நடுவில். ஒதுங்க ஒரு மரம் இல்லை. வாய்க்காலுக்குள் படுத்து, புத்தகப் பையைத் தலையில் வைத்தபடி ஒரு மணித்தியாலம். நான்தான் தூக்கி வந்தேன். "காயம் ஒண்டும் இல்லைத்தானே" என்று ஊரே சொன்னது. அன்றிலிருந்து கூரை இல்லாத இடத்தில் கால் வைக்க மாட்டாள். கிணற்றடிக்கும் கக்கூசுக்கும் குடை பிடித்துக்கொண்டு போகிறாள், கொளுத்துகிற வெயிலிலும். ஏன் என்று கேட்டால், "மேலையிருந்து பாத்தால் என்னைத் தெரியாது." பத்து வயது.

ஐந்து வாரம் இருக்கிறது. என் திட்டம்:
1. விறாந்தை (கரம், தாயம்)
2. முற்றம்
3. வேலிக்கு வெளியே
4. வயல்
5. பள்ளிக்கூட வாசல்
வாரத்துக்கு ஒன்று. எழுதும்போது லேசு.

மார்கழி 9, புதன்

மழை. பிளேன் வந்தால் ஒளிகிற பங்கருக்குள் இடுப்பளவு தண்ணீர். இவர் போக முன் வெட்டியது, பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டது. இப்போது தவளைகள் குடியிருக்கின்றன. ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், எல்லா வீட்டுப் பங்கரிலும் இதே கதைதான்.

வாணி கடதாசிக் கப்பல் விட்டாள். கௌரி குடையோடு வந்து படியில் குந்தினாள். பிறகு அவளும் ஒரு கப்பல் செய்தாள், இரட்டைக் கப்பல். நான் சுளகால் காற்று வீசினேன். ஓட்டப்போட்டி. வாணியின் கப்பல் தவளையில் முட்டிக் கவிழ்ந்தது. கௌரி வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை. எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிறகு கேட்டாள்: "அம்மா, பிளேன் வந்தால் இதுக்குள்ளை எப்பிடி இருக்கிறது?"

கப்பலை விட்டுவிட்டு மூன்று பேரும் வாளியால் இறைத்தோம், பின்னேரம் வரை. நாளைக்குத் திரும்ப ஊறும் என்று தெரியும். தெரிந்தும் இறைத்தோம்.

மார்கழி 12, சனி

இடையிடையே மழை. சவுக்காரம் முடிந்தது. மச்சாளின் பிளவுஸ் இன்னும் தைக்கவில்லை.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் றேடியோ பூட்டினேன். மிதியைக் கையால் சுற்றினால் பாட்டு வரும், கை ஓய்ந்தால் பாட்டும் இழுபடும். கௌரி சுற்ற வாணி ஆடினாள். வேண்டுமென்றே கையை மெதுவாக்குவாள், பாடுகிறவன் நித்திரை தூங்குவான், வாணியும் தூங்கி விழுவது போல ஆடுவாள். நானும் ஆடினேன். வெட்கம் இல்லை, ஆர் பார்க்கிறது?

மச்சாள் பார்த்தாள். இவருடைய தமக்கை, வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி, "வெளியிலை வராத பிள்ளைக்கு உள்ளுக்கை கச்சேரியோ? ஐயரிட்டை ஒரு நூல் கட்டுவிச்சால் என்ன?" என்றாள்.

"கட்டலாம் மச்சாள். கூரை ஒண்டும் கட்டித் தருவாரோ எண்டு கேளுங்கோ, பள்ளிக்கூடம் வரை."

முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு இந்த வாய் ஆகாது.

மார்கழி 15, செவ்வாய்

மழை இல்லை. இன்றைக்கு முற்றம். "அஞ்சு அடி, குடை இல்லாமல் அஞ்சே அஞ்சு அடி" என்று கையைப் பிடித்தேன். வரவில்லை. கெஞ்சினேன். தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிறகு அடித்துவிட்டேன், முதுகில், இரண்டு.

அவள் அழவில்லை. "அடியுங்கோ. உள்ளுக்கை வைச்சு அடியுங்கோ."

வேறொன்றும் எழுத ஏலாது.

மார்கழி 18, வெள்ளி

காற்று மாறியாயிற்று. வேலிப் பூவரசுகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. நல்ல வாடைக்காற்று.

நான் பிறந்தது வடமராட்சிக் கரையில். இந்தக் காற்றுக்கு எங்கள் வீட்டு ஆண்கள் சோறு தண்ணி மறந்து பட்டம் கட்டுவார்கள். ஐந்து அண்ணன்மார், நான் பசை பூசுகிற ஆள். பெரிய பிள்ளையானதும் வெளியே வராதே என்று நிறுத்தினார்கள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. கௌரியை வெளியே வா என்று அடித்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது.

விறாந்தையில் இருந்தே பட்டம் கட்டலாம். சாமான்:
– சிலாகை (பட்டத்துக் குச்சி): கமுகு, மச்சாளின் வேலியில் (கேட்காமல்) எடுத்தது
– கடதாசி: ரிசூ பேப்பர் கண்ணால் கண்டு இரண்டு வருடம். தையலுக்கு வெட்டின பிறவுண் பேப்பர் அளவுகள்தான்
– பசை: விளாம்பிசின். வயலுக்கு அங்கால் நிற்கிற மரம்
– நூல்: வலை நூல். மாதகலில் இருந்து மீன் கொண்டு வரும் மரியதாஸ் தந்தது. மகளுக்குக் கிறிஸ்மஸ் சட்டை தைத்துக் கொடுத்தேன்
– வால்: இவருடைய பழைய வேட்டி

எட்டுமூலைப் பட்டம். ஒட்டி முடித்த பிறகுதான் பார்த்தோம், பட்டத்தின் நடு நெஞ்சில் பென்சிலால் "மச்சாள், மார்பு 38". கௌரி விழுந்து விழுந்து சிரித்தாள். அழிக்க விடவில்லை.

மார்கழி 20, ஞாயிறு

விண் செய்தேன். கமுகஞ் சிலாகையை வில்லாக வளைத்து, பனைமட்டை நாரை மெல்லிசாகச் சீவி, குறுக்கே இழுத்துக் கட்டுவது. பட்டத்தின் தலையில் பூட்டினால் காற்றில் நார் அதிர்ந்து "ங்ங்ங்" என்று ஊருக்கே கேட்கும். விண் இல்லாத பட்டத்தை எங்களூரில் ஊமை என்பார்கள்.

கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் ஒரு ஓட்டம் ஓடினேன். அருமையாகக் கூவியது. திரும்பிப் பார்த்தால் விறாந்தையில் கௌரி இல்லை. கட்டிலுக்குக் கீழே, காதைப் பொத்திக்கொண்டு.

மடைச்சி நான். சகடை வருகிற சத்தமும் அதுதானே. மெதுவாகப் பறந்து வந்து பீப்பாக் குண்டு தள்ளிவிட்டுப் போகிற விமானத்துக்கு ஊரார் வைத்த பேர் சகடை. பொம்மர் என்றால் கிழித்துக்கொண்டு வரும், இது முனகிக்கொண்டு வரும். யோசிக்கவே இல்லை.

கட்டிலுக்குக் கீழே நானும் தவழ்ந்து போனேன். அவள் விரலைப் பிடித்து நாரில் வைத்து, வாயால் ஊதினேன். நார் அதிர்ந்தது.

"பாத்தியோ, உது விண். விண் எண்டால் கையிலை அதிரும். சகடை கையிலை அதிராது. தொட்டுப் பாத்துச் சொல்லலாம்."

கனநேரம் ஊதிக்கொண்டு கிடந்தாள். பல்லியெல்லாம் ஓடிவிட்டது.

மார்கழி 23, புதன்

ஏற்றியாயிற்று! முதல் இரண்டு தரமும் குத்துக்கரணம். பட்டத்தையும் நூலையும் சேர்க்கிற முச்சையை இறக்கிக் கட்டினேன், மூன்றாம் தரம் நின்றது. முற்றத்தில் நின்று ஏற்றி, நூலை விறாந்தைத் தூணில் கட்டினேன். அவள் கட்டிப்பிடித்து நின்ற அதே தூண். கௌரி கூரைக்குக் கீழே நின்று நூலைத் தொட்டுப் பார்த்தாள். "அதிருது." கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் தொட்டாள். "ஓம், அதிருது."

மத்தியானச் சோற்றை இடக்கையால் தின்றாள், வலக்கை நூலில்.

மார்கழி 26, சனி

நல்ல வெயில்.

நூல் பூவரசில் சிக்கியது. நான் குசினியில் இருந்தேன். கௌரி நூலைப் பிடித்தபடியே படியால் இறங்கி, முற்றத்தைக் கடந்து, வேலிவரை போய்ச் சிக்கெடுத்தாள். வாணிதான் கத்தினாள்: "அம்மா, அக்கா குடையை மறந்து போனா!"

வாயை மூடு என்று வாணிக்குச் சைகை காட்டினேன். கௌரி திரும்பிப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், நூலைத் தொட்டாள். நின்றாள். பொழுதுபடும் வரை நின்றாள்.

குசினியில் போய் இருந்து அழுதேன். இரண்டாம் இலக்கம் முடிந்தது.

மார்கழி 28, திங்கள்

பெரிய பிழை நடந்துவிட்டது. என்னால்.

முன்வீட்டுப் போஸ்ட்மாஸ்டர் ஐயா. எழுபது வயது, தனி மனிதர், பிள்ளைகள் வெளிநாட்டில். பத்து நாளாகக் கோப்பாயில் சொந்தக்காரர் வீட்டில் நின்றவர், பட்டக் கதை தெரியாது. மத்தியானம் பஸ்ஸால் இறங்கி வந்து சாரம் மாற்றுகிற நேரம் விண் கேட்டிருக்கிறது. சகடை என்று நினைத்து ஓடி, தண்ணீர் நிறைந்த பங்கருக்குள் பாய்ந்தார். படி வழுக்கி, கால் முறிந்துபோயிற்று.

அவர் கூப்பிட்டதும் எங்களுக்குக் கேட்கவில்லை. விண் சத்தம்.

வண்டில் பிடித்துச் சங்கானைக்குக் கொண்டுபோய், முறிவு பார்க்கிற பரியாரி பத்துப் போட்டுக் கட்டினார். ஒழுங்கை முழுக்க என் வாசலில். "பொம்பிளை பட்டம் ஏத்தினால் உதுதான் நடக்கும்." "எங்கடை பிள்ளையளும் நாலைஞ்சு நாளாய் ஏங்கிப்போய்க் கிடக்குதுகள்." மச்சாள் மட்டும் ஐயாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனாள்.

பட்டத்தை இறக்கினேன். கௌரி கிணற்றடிக்குப் போனாள். குடையோடு.

மார்கழி 30, புதன்

ஐயாவைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போய் வாசலிலேயே அழுதுவிட்டேன். எல்லாம் சொன்னேன்: வாய்க்கால், குடை, இடாப்பு, தை பதினொன்று.

கேட்டுக்கொண்டு கிடந்தார். பிறகு, "உது எங்கடை கௌரியின்ரை பட்டமோ? முதலே சொல்லியிருந்தால் நான் பாய்ஞ்சிருக்க மாட்டனே."

"இனி ஏத்த மாட்டன் ஐயா."

"ஏத்து. நேரம் வைச்சு ஏத்து. தபால் மாதிரி. மூண்டு மணியிலை இருந்து அஞ்சு மணிவரை எண்டு ஒழுங்கையிலை எல்லாருக்கும் சொல்லு. அந்த நேரத்திலை சத்தம் கேட்டால் ஒருத்தரும் ஓடத் தேவையில்லை. ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் பயமில்லாமல் இருக்கிறது எங்களுக்கும் நல்லதுதானே."

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஆச்சரியம், ஒருவரும் மறுக்கவில்லை. கால் முறிந்தவரே சொன்ன பிறகு ஆர் மறுப்பது?

1993 தை 3, ஞாயிறு

மூன்று மணிக்கு ஏற்றினோம். முதல் நாள் வாசல்களில் ஆட்கள் அண்ணாந்து நின்றார்கள். இன்றைக்கு ஒருவரும் நிமிரவில்லை. கல் வீட்டுக்காரி விண் கேட்டால்தான் தேத்தண்ணிக்கு உலை வைக்கிறாளாம். மணிக்கூட்டுக்குப் பற்றறி இல்லை, விண் போதும் என்கிறாள்.

கௌரி ஒழுங்கை முடக்குவரை குடை இல்லாமல். நூலை வாணியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போது ஒரு தரம் தொட்டாள், திரும்பி வந்து ஒரு தரம்.

புது வருடத்துக்கு உழுத்தம்மாக் களி கிண்டினேன். பனங்கட்டி போதவில்லை. இவரை நினைத்தேன்.

தை 6, புதன்

வெளியில் இருந்து ஏற்றுகிறோம். வயலோரத்து வெறும் தரை, வாய்க்காலுக்குக் கிட்ட. அதே வாய்க்கால். கௌரி கரையில் கால் போட்டு இருந்துகொண்டு வாணிக்குச் சொன்னாள்: "உதுக்குள்ளைதான் நான் படுத்தனான்." ஏதோ பழைய காலத்துக் கதை போல.

"நூலைத் தொட்டுப் பாக்கேல்லையே?" என்று கேட்டேன்.

"தேவையில்லை அம்மா. எனக்குச் சத்தம் தெரியும்."

பெருமையாக இருந்தது. மச்சாளிடமும் போய்ச் சொன்னேன். அவள் விபூதி தந்தாள், பிளவுஸ் எங்கே என்றும் கேட்டாள்.

தை 8, வெள்ளி

நான்கு மணி இருக்கும். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். விண் கூவியது. இன்றைக்கு நல்ல காற்றுப் போலிருக்கிறது என்று நினைத்தேன். மனதுக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சத்தத்தோடு சேர்ந்து நானும் முனகினேன் என்று இப்போது ஞாபகம் வருகிறது.

தேங்காய்ச் சிரட்டையைப் போட விறாந்தைக்கு வந்தேன். பட்டம் சுவரில் சாய்ந்திருந்தது. நேற்று வடலிப் பனையில் விழுந்து கிழிந்த மூலை. மச்சாள், மார்பு 38.

சத்தம் நின்றபாடில்லை.

வாணி பாயில் நித்திரை. கௌரி விளாம்பிசின் எடுக்கப் போயிருந்தாள், கிழிசல் ஒட்ட. ஓடினேன். செருப்பில்லை. ஒழுங்கையில் கல் வீட்டுக்காரி வாசலில் இருந்து மகளுக்குப் பேன் பார்க்கிறாள். கத்தினேன்: "சகடை! சகடை!" அவள் சிரித்தாள். "நாலு மணி, உங்கடை பட்டமெல்லே!"

கௌரி வயல் நடு வரம்பில். கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு.

"அம்மா, ஆரின்ரையோ பட்டம். எங்கடையிலும் பாக்கப் பெரிய விண்!"

அவளைத் தள்ளி வாய்க்காலுக்குள் விழுத்தி மேலே படுத்தேன். நிலம் மூன்று தரம் ஆடியது. வடக்கே புகை, தூரம். எந்த ஊர் என்று தெரியாது. அங்கேயும் ஆராவது தேங்காய் துருவிக்கொண்டிருந்திருப்பார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஒருவரும் பங்கருக்குள் போகவுமில்லை. ஒருவரும். ஐயா கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்து, வெளிறிப்போய், "பிள்ளை, நான் அந்தச் சத்தத்துக்கு விரலாலை தாளம் போட்டுக்கொண்டெல்லே கிடந்தனான்" என்றார்.

தை 9, சனி

விண்ணை அடுப்பில் வைத்தேன். கமுகு நன்றாக எரியும். கௌரி கத்தினாள், என் கையைப் பிடித்து இழுத்தாள். வீடு வீடாகப் போனேன்: இனி விண் இல்லை, எந்தச் சத்தம் என்றாலும் ஓடுங்கள். தலையாட்டினார்கள். போன கிழமையும் இப்படித்தான் தலையாட்டினார்கள்.

தை 10, ஞாயிறு

மழைக் குணம், பெய்யவில்லை. பங்கர் இறைத்தோம், நானும் மச்சாளும்.

கௌரியை இருத்திப் பயத்தைப் படிப்பித்தேன். சத்தம் கேட்டால் படு. ஆரின்ரை பட்டம் என்று பாராதே. பெரிய வெளியால் போகாதே, மரத்தோடு போ. கேட்டுக்கொண்டு நகம் கடித்தாள்.

"நீங்கள்தானே பயப்பிடாதை எண்டு சொன்னனீங்கள்."

"ஓம். சொன்னனான்."

"அப்ப எது சரி?"

சட்டைக்கு இஸ்திரிக்கை போட வேண்டும் என்று எழும்பிவிட்டேன்.

தை 11, திங்கள்

வெயில். காற்று இல்லை.

இரண்டு பின்னல், வெள்ளைச் சட்டை, கைக்குள் ஒரு இடியப்பச் சுருட்டு. வாணியைப் பிறகு கூட்டி வரும்படி என்னிடம் சொல்லிவிட்டு, கௌரி தனியே போக நின்றாள். அதிபர் இடாப்பில் பேரை வெட்ட மாட்டார்.

வேலிப் படலையடியில் குடையை நீட்டினேன். வாங்கவில்லை. "கொண்டு போ பிள்ளை" என்றேன். கெஞ்சினேன். கையைப் பிடித்து விரல்களை மடித்துப் பிடியில் வைக்கப் பார்த்தேன்.

"மழை இல்லையே அம்மா" என்று சொல்லிவிட்டு, வயல் வெளியால், ஒரு தரமும் மேலே பாராமல் போனாள்.